அம்மனுக்கு எது வலது கை?

நான் கோபக்காரி. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே கோபத்தில்தான். நாகல் நகரில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். நேற்றுச் சாயங்காலம் அவள் வந்து, "அக்கா, நீங்க என்ன படிச்சீங்க?" என்று கேட்டாள். "பி.டெக் பயோடெக்னாலஜி" என்றேன். "ஏன்க்கா அதை எடுத்தீங்க?" என்றாள். நான் எங்கே எடுத்தேன்? ஒரு அரளிப்பூ விழுந்தது, என் தலையில் அந்தப் படிப்பைக் கட்டினார்கள். அந்தப் பூவும் வேண்டாம் என்றுதான் சொன்னது. இருபது வருஷம் ஆகப்போகிறது, இன்னும் நினைத்தால் எனக்குக் காது மடல் சூடாகிறது.

அப்பாவுக்கு ஒட்டன்சத்திரம் பக்கம் தோட்டம். தக்காளியும் முருங்கையும் போடுவார். எனக்குப் பதினான்கு வயதிருக்கும்போது ஒருநாள் தக்காளிப் பெட்டிகளோடு என்னையும் மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போனார். கமிஷன் கடைக்காரர் மேலே இருந்த இரண்டு பழத்தை அமுக்கிப் பார்த்துவிட்டு, "எல்லாம் ரெண்டாந்தரம்" என்றார். அப்பா தலையாட்டினார். நான் ஆட்டவில்லை. "அடியில இருக்கறதப் பாத்தீங்களா? பாக்காம எப்படிங்க தரம் சொல்றீங்க?" என்று ஆரம்பித்து, ஒவ்வொரு பெட்டியாகக் கவிழ்த்துக் காட்ட வைத்தேன். கேரளா லாரியில் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தவர்களெல்லாம் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். கடைசியில் அந்த மனுஷன், "அய்யோ சாமி, முதல்தரம்தான், மொதல்ல இந்தப் புள்ளையக் கூட்டீட்டுப் போங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

அப்பாவுக்கு அன்றைக்குப் பெருமை தாங்கவில்லை. டீக்கடை டீக்கடையாகச் சொன்னார். "எம்புள்ள வாயி கோர்ட்டுக்குத்தானுங்க லாயக்கு. வக்கீலுக்குப் படிக்க வெக்கோணும்." மூன்று வருஷம் இதையே பாட்டாகப் பாடினார். நான் அதை நம்பினேன். (நம்பாமல்? பெத்த அப்பன் ஊர் பூரா சொல்றாரே!) வக்கீல் என்றால் என்ன, சட்டக் கல்லூரியில் எப்படிச் சேர்வது என்றெல்லாம் விசாரித்துத் தெரிந்துவைத்திருந்தேன். கறுப்புக் கோட்டு எனக்கு எப்படி இருக்கும் என்று பார்க்க, அம்மாவின் குடையை விரித்துத் தோளில் போட்டுப் பார்த்ததுகூட உண்டு.

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும், சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பாவிடம், "லா காலேஜுக்கு எப்பங்கப்பா போறது?" என்றேன். சோறு அவருக்குப் புரையேறிவிட்டது.

"வெளையாட்டுக்குச் சொன்னா நெசம்னு புடிச்சுக்கறதா? பொட்டப்புள்ள வக்கீலுக்குப் படிச்சா எவன் கட்டுவான் கண்ணு? கட்டுனாலும் அவன் உங்கிட்டப் பேசிப் பொழைக்க முடியுமா?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. டீக்கடையில் பெருமையடிக்க என் வாய் வேண்டும், படிக்க வைக்க மட்டும் வேண்டாமாம்.

இந்தச் சமயத்தில்தான் திண்டுக்கல்லிலிருந்து மாமா வந்து இறங்கினார். அம்மாவின் தம்பி. நாகல் நகரில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். ஊரில் உள்ள பிள்ளைகளின் மார்க் ஷீட்டையெல்லாம் நகல் எடுத்து நகல் எடுத்து, அவருக்குக் கல்வியைப் பற்றிச் சகலமும் தெரிந்துபோயிருந்தது. எங்கள் சொந்தத்தில் யார் என்ன படிப்பது என்பதை மாமாதான் தீர்மானிப்பார். நாற்காலியில் சாய்ந்து காலை ஆட்டிக்கொண்டே, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு தீர்ப்புச் சொல்வார்.

"பயோடெக்குத்தான் மச்சான் இனிமே. கம்ப்யூட்டரெல்லாம் அம்புட்டுத்தான், முடிஞ்சு போச்சு. இவளப் பயோடெக்குல போடுங்க. அமெரிக்காக்காரன் வீட்டுக்கே வந்து கூட்டிட்டுப் போவான்."

"பயோடெக்னா என்ன மாமா?" என்றேன்.

"அது படிக்கப் படிக்கத் தானாத் தெரியும் புள்ள" என்றார். (இன்றைக்கும் அதே நாற்காலி, அதே கால் ஆட்டம். இப்போது 'ஏஐ படிக்க வைங்க' என்கிறார். அது என்னவென்று கேட்டால் படிக்கப் படிக்கத் தெரியுமாம்.)

வீட்டில் தினமும் சண்டை. நான் சாப்பிடமாட்டேன் என்று உண்ணாவிரதம் இருந்தேன். (தோட்டத்துப் பக்கத்து வீட்டில் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்துதான் இருந்தேன், அது வேறு விஷயம்.) அம்மா யார் பக்கமும் பேசாமல் பாத்திரங்களைச் சத்தமாக வைத்தாள். கடைசியில் அப்பா, எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லாக் குழப்பத்துக்கும் செய்வதையே செய்தார். "அம்மங்கிட்டப் பூ கேட்டரலாம்" என்றார்.

பூ கேட்பது என்றால் இதுதான். குலதெய்வக் கோவிலில் பூசாரி நனைத்த அரளிப்பூவை அம்மன் சிலையின் இரண்டு தோளிலும் ஒட்டிவைப்பார். நாம் கேள்வியை வாய்விட்டுச் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். வலது தோள் பூ முதலில் விழுந்தால் உத்தரவு ஆகிவிட்டது, செய்யலாம். இடது தோள் பூ விழுந்தால் வேண்டாம். கிணறு வெட்டுவது, பெண் எடுப்பது, மாடு விற்பது எல்லாம் இப்படித்தான் முடிவாகும். வலது என்றால் அம்மனுக்கு வலது. இது எங்கள் ஊரில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும்.

அப்பாவுக்கு ரொம்ப நன்றாகத் தெரியும். அதற்கு முந்தின வருஷம் தோட்டத்தில் போர்வெல் போடப் பூ கேட்டார். எதிரே நின்று பார்த்த எங்களுக்கு வலது கைப்பக்கம் இருந்த பூ விழுந்தது. "சாமிக்கு எடது, வேண்டாமுங்க" என்று ஒரே வார்த்தையில் சொல்லி, தோட்டத்துக்குள் வந்து நின்றுவிட்ட போர் வண்டியைத் திருப்பி அனுப்பினார். இதைத் தயவுசெய்து ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் இன்று வரைக்கும் ஞாபகம் வைத்திருக்கிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் கோவிலுக்குப் போனோம். நான் தலைக்குக் குளித்து ஈர முடியை நுனியில் முடிச்சுப் போட்டிருந்தேன். விடிந்ததிலிருந்து அழுததில் கண் இரண்டும் மிளகாய்ப்பழம். எங்களுக்குப் பின்னால் இன்னொரு குடும்பம், பையனுக்குப் பெண் பார்ப்பது பற்றிக் கேட்க வந்து காத்திருந்தது. அவர்களோடு உடுக்கை அடிக்கிற ஆள் ஒருவரும் வந்திருந்தார்.

உள்ளே போகுமுன் நான் அப்பாவை நிறுத்தி, எல்லார் முன்னாலும் வாக்குக் கேட்டேன். "அம்மன் வேண்டாம்னு சொல்லீட்டா?"

"நீ வக்கீலுக்கே படி கண்ணு. நான் குறுக்க நிக்க மாட்டேன்" என்றார். அவர் சொன்னதை அம்மாவும் காதால் கேட்டாள், மாமாவும் கேட்டார், பூசாரியும் கேட்டார்.

பூசாரி பூவை வைத்துவிட்டு, "வாய்விட்டுச் சொல்லீருங்க" என்றார். அப்பா கைகூப்பினார். "தாயே, எம்மகளப் பயோ… பயோ…" மாமா எடுத்துக்கொடுத்தார். "டெக்கு." அப்பா தொடர்ந்தார். "அந்த டெக்கு படிக்க வெக்கலாம்னா வலது தோள் பூவக் குடு. வேண்டாம்னா எடது தோள் பூவக் குடு."

காத்திருந்தோம். வியர்த்து ஊற்றியது. மாமா கையிலிருந்த பேப்பரால் விசிறிக்கொள்வதுபோல ஒரு பக்கமாகவே விசிறினார். "சாமிக்கு முன்னால விசிறக் கூடாதுங்க" என்று பூசாரி பேப்பரை வாங்கி வைத்துக்கொண்டார். அம்மா ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள், எந்தப் பூவுக்காக வேண்டினாள் என்று இன்றுவரை சொல்லவில்லை.

விழுந்தது. எங்களுக்கு வலது கைப்பக்கம் இருந்த பூ. அதாவது அம்மனுக்கு இடது. அதாவது பயோடெக் வேண்டாம். நான் அந்த இடத்திலேயே குதித்தேன்.

"வலது! வலது! உத்தரவு ஆயிருச்சு மச்சான்!" என்று கத்தினார் மாமா.

"மாமா, அது சாமிக்கு இடது."

"ஏ புள்ள, நமக்கு எந்தப் பக்கமா விழுகுதுன்னுதான் பாக்கணும். கேட்டது நாமதானே?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா என்னைப் பார்க்கவில்லை. விழுந்த பூவைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், மேலே விட்டத்தைப் பார்த்தார். பிறகு ரொம்ப மெதுவாக, "வலதுன்னுதான் தோணுது" என்றார்.

"போர் போடறப்ப மட்டும் சாமிக்கு இடதுன்னீங்க?"

"அது வேறம்மிணி."

"என்ன வேறங்கப்பா? போன வருஷத்துக்கும் இந்த வருஷத்துக்கும் அம்மன் திரும்பி உக்காந்துருச்சா?"

பூசாரியைக் கேட்டேன். அவர் அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "பூ விழுந்துருச்சுங்க. பக்கத்த நீங்களே பேசி முடிச்சுக்கோங்க" என்று நழுவினார். கோவில் கொடைக்கு அதிகம் கொடுப்பது அப்பாதான்.

எனக்குக் கண் இருட்டியது. விறுவிறுவென்று கருவறைப் படியில் ஏறினேன். அம்மனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எல்லாரையும் பார்த்துத் திரும்பி நின்றேன். இரண்டு கையையும் மேலே தூக்கினேன். போட்டிருந்த முடிச்சு அவிழ்ந்து ஈர முடி முகத்திலும் முதுகிலும் விழுந்தது. அடித்தொண்டையிலிருந்து கத்தினேன்.

"இப்ப நான்தான் சாமி! என்னையப் பாத்துச் சொல்லுங்க! இது எனக்கு எந்தக் கை?"

நான் சொன்னது விளக்கம். சத்தியமாக விளக்கம்தான். ஆனால் பின்னாலிருந்து உடுக்கைச் சத்தம் கிளம்பியது. அம்மா குலவை போட்டாள். யாரோ ஒரு குடம் தண்ணீரை என் தலையில் ஊற்றினார்கள். காத்திருந்த குடும்பத்துப் பெரியம்மா ஓடிவந்து என் காலில் விழுந்து, "எம்பையனுக்கு எந்தத் தெசையில பொண்ணு அமையும் தாயே?" என்று கேட்டாள்.

"நான் அதுக்கு வரலை!" என்று கத்தினேன். அதையும் சாமி சொல்வதாகவே எடுத்துக்கொண்டு அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

'அய்யோ, நான் சும்மா காட்டினேன்' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அப்பா வந்து என் முன்னால் நின்றார். தோளில் இருந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கைகூப்பி, "தாயே, நீயே சொல்லீரு. எம்புள்ளைய என்ன படிக்க வெக்கட்டும்?" என்றார்.

என் வாழ்க்கையில் அப்பா என்னிடம் என்ன படிக்க ஆசை என்று வந்து நின்று கேட்டது அந்த ஒரு தடவைதான். அதுவும் என்னை அம்மன் என்று நினைத்துக்கொண்டு. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. வந்த வாய்ப்பை விடவும் மனசில்லை. உடம்பை லேசாக ஆட்டினேன். பல்லைக் கடித்தேன்.

"லா காலேஜ்ல சேத்து!"

அப்பா தரையில் விழுந்து கும்பிட்டார். அம்மாவும் விழுந்தாள். எல்லாம் முடிந்தது, நான் வக்கீல் என்று நினைத்தேன். மாமா மட்டும் விழவில்லை. மோவாயைத் தடவிக்கொண்டு நின்றார்.

"இருங்க மச்சான். ஆத்தா எங்கயாச்சும் இங்கிலீஷ்ல பேசுமா? லா காலேஜ்னு சொல்லுது பாருங்க."

பயோடெக் என்று கேட்டால் புரிந்துகொள்கிற அம்மனுக்கு லா என்று சொல்லத் தெரியாதா? இந்த ஒரு கேள்வியை நான் அங்கே கேட்டிருக்க வேண்டும். எனக்கு அது வீட்டுக்குப் போன பிறகுதான் தோன்றியது. வக்கீலாகாமல் போனதற்கு நான் என் மேலேயே கோபப்படுகிற ஒரே இடம் இதுதான்.

"நெச ஆத்தாவா இருந்தா சூடத்தக் கையில வாங்கட்டும். பூசாரி, வலது கையில ஏத்துங்க" என்றார் மாமா.

எரியும் சூடத்தை உள்ளங்கையில் வாங்கினால்தான் நிஜமான அருள். பூசாரி சூடத்தைக் கொளுத்திக்கொண்டு வந்தார். என் எதிரே நின்று, கொஞ்சம்கூட யோசிக்காமல், தனக்கு இடது பக்கமாகக் கையை நீட்டி என் வலது கையைப் பிடித்தார். அவருக்கா தெரியாது? வருஷக்கணக்காக எதிரே நின்று அம்மனுக்கு வளையல் போடுகிறவர்.

எனக்கு எல்லாம் மறந்துபோனது. "பாத்தீங்களா! பாத்தீங்களா!" என்று குதித்தேன். "எதிர்ல நிக்கறவருக்கு எந்தப் பக்கம் இருந்தாலும் என் வலது கை இதுதான்! பூசாரியே புடிச்சுட்டாரு! பூ விழுந்தது இடது! அப்பா, நான் ஜெயிச்சுட்டேன்!"

குதித்த குதியில் சூடம் கையில் பட்டது. "ஐயோ சுடுது!" என்று உதறினேன். அது பறந்துபோய் மாமாவின் வேட்டியில் விழுந்தது. உடுக்கை நின்றது. காலில் விழுந்திருந்த பெரியம்மா எழுந்து, சேலையைத் தட்டிக்கொண்டு, என்னை மேலும் கீழும் பார்த்தாள். கேஸை ஜெயித்த அதே நொடியில் சாமி மலையேறிவிட்டது.

அம்மா கொடுத்த அறையில் எனக்கு எது வலது எது இடது என்றே தெரியவில்லை. சாமி பேரைச் சொல்லி ஏமாற்றியதற்குத் தண்டனையாக, காலேஜ் திறக்கும்வரை வெள்ளிக்கிழமைதோறும் கோவிலைக் கூட்டித் தெளித்துக் கோலம் போட்டேன். பூ எந்தப் பக்கம் விழுந்தது என்ற பேச்சை அப்புறம் யாரும் எடுக்கவே இல்லை. மாமாவின் வேட்டியில் விழுந்த ஓட்டையைப் பற்றித்தான் பேசினார்கள். நான் பயோடெக் சேர்ந்தேன்.

நான்கு வருஷம் படித்தேன். படிக்கப் படிக்கத் தானாகத் தெரியும் என்றாரே, எனக்குத் தெரிந்ததெல்லாம் அது எனக்குப் பிடிக்கவில்லை என்பதுதான். ஊருக்கு வந்தால் தக்காளிச் செடியின் சுருண்ட இலையைப் பறித்துக்கொண்டு வந்து நீட்டுவார்கள். சினை நிற்காத மாட்டைப் பிடித்துக்கொண்டு வந்து வாசலில் நிறுத்துவார்கள். பெண் பார்க்க வந்தவர்கள், "பயோடெக்குங்கறது டாக்டருக்கு முந்துனதுங்களா, பிந்துனதுங்களா?" என்று கேட்டார்கள். அமெரிக்காக்காரன் யாரும் வீட்டுக்கு வரவில்லை. இப்போது திண்டுக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்தில் உயிரியல் எடுக்கிறேன். என் வகுப்பில் சத்தமே இருக்காது. வகுப்பில் சத்தம் போடுவது நான் ஒருத்திதான்.

சரி, அதோடு போயிருந்தாலாவது ஆறியிருப்பேன். போன மாதம் அப்பா போன் செய்தார். தோட்டத்துக்குப் போகிற வண்டிப்பாதையைப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் மறித்துவிட்டாராம். கேஸ் நடக்கிறதாம்.

"வக்கீலு ஒரு பொம்பளப் புள்ள கண்ணு. என்னமாப் பேசுது தெரியுமா! எதுத்த வக்கீலு வாயத் தொறக்க முடியலை. வெள்ளிக்கிழமை எஞ்சாட்சி. நீயும் வந்து பாரேன்."

நான் போனை வைத்துவிட்டு, வீட்டில் இருந்த நான்கு தேங்காயையும் உடைத்தேன். சட்னிக்கு ஒன்று போதும். இருந்தாலும் லீவு போட்டுவிட்டுப் போனேன். கோர்ட்டில் கடைசி பெஞ்சில் நானும் மாமாவும் உட்கார்ந்தோம். அப்பா கூண்டில் ஏறி நின்றார். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார்.

"வண்டிப்பாதை எந்தப் பக்கம் இருக்கு?"

"தோட்டத்துக்கு வலது பக்கமுங்க."

"யாருக்கு வலது? ரோட்டுல நின்னு தோட்டத்தப் பாக்கிறவனுக்கு வலதா? தோட்டத்துல நின்னு ரோட்டப் பாக்கிறவனுக்கு வலதா?"

அப்பா மெதுவாகத் திரும்பி, அத்தனை பேரையும் விட்டுவிட்டு, கடைசி பெஞ்சில் இருந்த என்னைப் பார்த்தார்.

நான் எழுந்ததே எனக்குத் தெரியாது. "இப்பச் சொல்லுங்கப்பா! யாருக்கு வலது?" என்று கத்தியிருக்கிறேன். கோர்ட்டே திரும்பிப் பார்த்தது.

நீதிபதி கண்ணாடியை இறக்கிக்கொண்டு கேட்டார். "யாரும்மா அது? நீங்க வக்கீலா?"

"இல்லீங்க ஐயா."

"அப்ப வெளிய போங்க."

வெளியே வந்தேன். மத்தியானம் அப்பா வந்து டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ரோட்டப் பாத்தாப்பல நின்னா தோட்டத்துக்கு எது வலதோ அதுதாங்கன்னு சொல்லீட்டேன்" என்றார். "சாமிக்கு வலதுங்கற மாதிரி."

"அப்ப அன்னைக்கு உங்களுக்குத் தெரியும்."

டீயை ரொம்ப நேரம் ஊதினார். "போர் வண்டியத் திருப்பி அனுப்புனவனுக்குத் தெரியாதா கண்ணு" என்றார்.

நான் டீக்குக் காசைக் கொடுத்துவிட்டு எழுந்தேன்.

பஸ் ஏறுவதற்குள் மாமா இதைச் சொந்தம் முழுக்கப் பரப்பிவிட்டார். இப்போது வீட்டில் நான் எதற்காவது குரலை உயர்த்தினால், என் வீட்டுக்காரர் கண்ணாடியை மூக்குக்கு இறக்கிக்கொண்டு, "யாரும்மா அது? நீங்க வக்கீலா?" என்று கேட்கிறார். என் மகள் உடனே, "அப்ப வெளிய போங்க" என்கிறாள். அம்மா, மாமா எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். எனக்கு இன்னும் சிரிப்பு வரவில்லை. அப்பாவும் வந்திருக்கிற நாளில், அவர் மட்டும் தலையைத் தூக்காமல் தட்டில் இருப்பதைச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.